கேட்காமல் விற்கக்கூடிய ஆடுகள்

குடிகாடு நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது அந்த வாடை ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்தது. நனைந்த செம்மறியின் வாடை. பக்கத்தில் ஒரு குட்டியானை வண்டி. பின்புறக் கம்பிக்குள் ஏழெட்டு ஆடுகள், சற்று முன் பெய்த தூறலில் ஊறிப்போய், ஒன்றின் முதுகில் ஒன்று தாடையை வைத்துக்கொண்டு நின்றன. முன்சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"இவ்ளோ நேரம் கெமிக்கல் கம்பெனி வாடைய மோந்துக்கிட்டு சும்மாதான வந்தீங்க. ஆட்டுக்கு மட்டும் என்னாத்துக்கு மாமா மூக்கப் பொத்துறீங்க?" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது.

நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். உப்பு, புளிப்பு, நனைந்த சாக்கு, அடியில் எங்கோ கொஞ்சம் பால். போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் சேலை ஓரத்திலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருந்த வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் பெரிதாக விரும்பவில்லை.

நான் ஓரிடத்தில் உட்காராதவள். கடலூரில் இருந்தால் சிதம்பரம் கூப்பிடும், சிதம்பரத்தில் இருந்தால் கடலூர். நடுவில் எங்காவது ஒரு மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, வரி உடைக்காத கவிதை எழுதுகிறேன். பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டுரை என்று திருப்பி அனுப்புவார்கள், கட்டுரைக்காரர்கள் கவிதை என்று. வயது நாற்பத்தெட்டு. கால் நிற்காத இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அந்த அறக்கட்டளையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, பெட்ரோலுக்கு மட்டும் கொடுப்பார்கள்.

ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் வீடுகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி செய்யும் சின்ன அறக்கட்டளை அது. பணம் தருபவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரும் ஒரு மேய்ச்சல்காரர் மகன்தான், பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவரே போட்ட நிபந்தனை. சிதம்பரத்தில் ஐந்து பேர் கொண்ட குழு முடிவெடுக்கும். விண்ணப்பம் போட்ட குடும்பத்தை நேரில் போய்ப் பார்த்து, உண்மையா என்று எழுதித் தருவது என் வேலை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. ஐம்பது உருப்படிக்கு மேல் ஆடோ மாடோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு உதவி கிடையாது. முதல் வருஷம் பெரிய பால் பண்ணைக்காரர் ஒருவர் தன்னை ஏழை என்று எழுதிக்கொடுத்து உதவியை வாங்கிக்கொண்டு போனதால் வந்த விதி. நல்ல விதிதான். அதை வைத்துத்தான் நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கிட்டத்தட்ட கெடுத்தேன்.

அந்தப் பெண்ணின் குடும்பம் மங்கலம்பேட்டைப் பக்கம். செம்மறிக் கிடை போடுகிறவர்கள். உளுந்து எடுத்து வயல் காய்ந்ததும் கிழக்கே வருவார்கள். புவனகிரி, சிதம்பரம் என்று வயல் வயலாக நகர்வார்கள். இரவில் வயலில் வலை கட்டி ஆடுகளை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஒவ்வொரு நாளும் வலையைப் பக்கத்து நிலத்துக்கு நகர்த்த வேண்டும். ஆற்றுத்தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து உழவு தொடங்கினால் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். அதனால் அந்தப் பெண் பள்ளியை விடுதியிலேயே முடித்திருந்தாள்.

மே மாதம் நான் அவர்களைத் தேடிப் போனபோது சாயங்காலம். புவனகிரி ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. வெட்டவெளியில் ஒரு வெள்ளை அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போகப் போக அதற்குக் கால்கள் முளைத்தன. கிடைக்காரர் தொரட்டியை ஊன்றி நின்றார். பக்கத்தில் நிலத்துக்காரர், வாயில் வெற்றிலை. இரண்டு பேருக்கும் உறவில்லை, சாதியும் வேறு. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மச்சான்.

படிவத்தை ஸ்கூட்டி சீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன்.

"ஆடு எத்தன?"

"முன்னூறுக்குக் கொஞ்சம் கொறையும்."

"எல்லாம் உங்க ஆடா?"

"எல்லாம் நம்ம ஆடுதான்."

எழுதிக்கொண்டேன். முன்னூறு. விதி எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. என் கண் மந்தையில் இருந்தது. சூரியன் அடிவானத்தைத் தொட்டு நின்ற நேரம், ஆட்டு முதுகெல்லாம் செம்பு. படிவத்தின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று நாலு விரல் இடம் இருக்கும். அங்கே எழுதினேன்: மேகம் தரையிறங்கியதுபோல் நின்றது மந்தை.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஜூன் இரண்டாவது வாரம், புதன்கிழமை, பட்டியல் வந்தது. மதியம் என் கைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான் கெடைக்காரர் பொண்ணு பேசுறேன். ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"எங்கப்பா பணக்காரர்னு எனக்குத் தெரியவே இல்லக்கா. நீங்கதான் கண்டுபுடிச்சிருக்கீங்க. தேங்க்ஸ்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. கத்தி தீட்டுகிற சத்தம் இருந்தது. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'கால்நடைச் சொத்து அதிகம்' என்று போட்டு நிராகரித்திருந்தார்கள்.

"முன்னூறுல இருவது சொச்சந்தான்க்கா எங்களுது. மத்ததெல்லாம் ஊர்க்காரங்க ஆடு. வாரத்துக்கு மேய்க்கிறோம், போடுற குட்டில பங்கு. இது கூடவா தெரியாது?"

"அப்பா எல்லாம் நம்ம ஆடுன்னு சொன்னாரும்மா."

"பின்ன வேற என்னா சொல்லுவாரு? நெலத்துக்காரர் பக்கத்துல நின்னிருப்பாரே."

எனக்கு அது புரியவில்லை. அவளுக்கு அதை விளக்க நேரம் இல்லை. கடலூரில் ஒரு கல்லூரியில் ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம். படிப்போடு விடுதியும் சேர்த்துத்தான் இடம். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் கட்டிச் சேரவில்லை என்றால் வரிசையில் அடுத்து நிற்கும் ஆளுக்குப் போய்விடும். வீடு பூட்டிக் கிடக்கிற குடும்பத்தில் விடுதி இல்லாமல் படிப்பு ஏது? கிடையோடு நடக்க வேண்டியதுதான்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் குழு மறுபடி கூடுது. அதுக்குள்ள சரி பண்றேன்" என்றேன்.

"எப்பிடி?"

"தெரியல. பண்றேன்."

"மேகத்த எல்லாம் விட்டுட்டு நேரா எழுதுங்கக்கா" என்று வைத்துவிட்டாள். விண்ணப்பத்தை அனுப்பிய பள்ளிக்கூடத்தில் அந்த அறிக்கையின் நகலை அவளிடம் காட்டியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை கிடைக்குப் போனேன். கிடை பல வயல் தள்ளி நகர்ந்திருந்தது. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. அந்தப் பெண்ணின் அம்மா, கவிழ்த்த கூடைக்குள் அடைத்த இளங்குட்டிகளுக்குத் தழை திணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒக்காருங்க" என்றார். உட்கார அங்கே மண்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

ஒரு குட்டியைத் தூக்கி என் மடியில் போட்டார். அதன் காதை விரித்துக் காட்டினார். வலது காதின் நுனி பிளந்திருந்தது. இடது காதின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு.

"இது நம்முளுது." இன்னொரு குட்டி. இடது காதில் ஒரு துளை மட்டும். "இது வாத்தியார் ஆடு போட்டது." இன்னொன்று. "இது மளிகைக்கடக்காரருது. காதுல எழுதியிருக்குது. நீங்கதான் படிச்சவங்களாச்சே."

நான் குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெல்லிய, சூடான, நரம்பு ஓடும் தாள்.

பத்தரை மணி வாக்கில் கிடைக்காரரும் மகளும் ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டு போயிருந்தேன். 'என் சொந்த ஆடுகள் இத்தனை, மற்றவை பிறருடையவை' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவர் தாளையே தொடவில்லை.

"அது ஆவாதுங்க மேடம்."

"ஏன்?"

அவர் தொரட்டியைத் தரையில் கிடத்திவிட்டுக் குந்தினார். "ராத்திரி ஒரு ஆடு வலையத் தாண்டிப் போயி எவன் பருத்திலயாச்சும் வாய வச்சிடுதுன்னு வச்சுக்குங்க. விடிஞ்சா பருத்திக்காரன் வருவான். யாரு ஆடுன்னு கேப்பான். அது வாத்தியார் ஆடுன்னு நான் சொன்னேன்னா என்னா பண்ணுவான்? ஆட்டப் புடிச்சிக் கட்டிடுவான். வாத்தியார வரச்சொல்லு, அப்பத்தான் அவுப்பேன்னுவான். மூணு நாளு ஒரே எடத்துல கட்டிக் கெடந்தா ஆடு என்னாத்துக்கு ஆவும்? என் ஆடுன்னா எங்கிட்ட பேசுவான். திட்டுவான். கோவக்காரனா இருந்தா ரெண்டு வைப்பான். அதோட போச்சு, ஆடு பொழச்சிக்கும்."

"இது பருத்திக்காரர் கிட்ட இல்லீங்களே. சிதம்பரத்துல ஒரு ஆபீசுக்கு."

"காயிதம் எங்க வேணா போவுங்க. நெலத்துல கால வச்ச அன்னிலேர்ந்து எல்லாம் நம்ம ஆடு. ஊருக்குத் திரும்பி வலைய மடிச்ச பொறவுதான் வாத்தியாருது, கடக்காரருது எல்லாம். நடுவுல என் வாயால அது என்னுது இல்லன்னு சொன்னேன்னா, நாளைக்கு எவன் என்ன நம்பி ஆடு வுடுவான்?"

பின்னால் நின்ற மகள் இடையில் புகுந்தாள். "அப்போ நான் என்னா செய்யறதுப்பா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒன்ன படிக்க வேணாம்னு எவன்டி சொன்னான்?" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஆட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் கடிதம் வாங்கலாமே என்று கேட்டேன். அதை அவள் நேற்றே செய்துபார்த்துவிட்டாள். அரசு வேலையில் இருக்கும் வாத்தியாருக்குப் போன் போட்டிருக்கிறாள். "நான் ஆடு வச்சிருக்கேன்னு எழுத்துல வேணுமா? என்ன மாட்டிவிடப் பாக்குறியா பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாராம்.

அன்று திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். எழுதுவதற்கு ஒன்றும் வரவில்லை, வரவும் விடவில்லை. என் ஒரு வாக்கியத்தால் மூடிய கதவு. வாக்கியத்தாலோ வாயாலோ காலாலோ, எதனால் உதைத்தாவது அதைத் திறந்தே தீர வேண்டும். ஆனால் அந்த மனிதரைப் பொய் சொல்ல வைத்துத் திறக்கக்கூடாது. அவர் சொல்வதும் பொய் இல்லை. முன்னூறு ஆட்டுக்கும் அடி வாங்கத் தயாராக இருக்கிற ஆள், அதை என்னுடையது என்று சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை சிதம்பரம் போய்த் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். குழுவின் தலைவர் தாலுக்கா அலுவலகத்தில் சர்வீஸ் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். ஆனால் காகிதத்தில் இருப்பதை யாருக்காகவும் மாற்றாதவரும்கூட.

"வாங்க கவிஞரம்மா. என்ன, மேகம் கலைஞ்சிடுச்சா?"

"சார், நான் எழுதுனதுல தப்பு இருக்கு."

"எதுல தப்பு? மேகத்துலயா, முன்னூறுலயா?"

"முன்னூறுல."

"கவிதைல முன்னூறுன்னா முன்னூறு இல்லன்னு அர்த்தமா?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "சொத்து இல்லன்னு எழுதிக் குடுத்தவன் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். இருக்குன்னு சொல்லி மாட்டிக்கிட்டவன இப்பத்தான் பாக்குறேன். சரி, இல்லன்னு அந்த ஆளு எழுதித் தருவாரா?"

"தரமாட்டார்."

"அப்ப நான் எதப் பாத்து நம்பறது?"

"ஆட்டுக் காதப் பாத்து."

துடைப்பதை நிறுத்தினார். நான் விடவில்லை. "குழு உறுப்பினர் ஒருத்தரோட சேத்து ரெண்டு பேர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்டா அறிக்கைய மாத்தலாம்னு விதி இருக்கு சார். நீங்க எழுதுன விதி."

"தெரியும். ஒருத்தர் நீங்க. இன்னொருத்தர்?"

"நீங்க."

"ஆட்டுக்குள்ளயா?"

"ஆட்டுக்குள்ளதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "போயிட்டுத்தான் வாங்களேன், வீட்டுல ஒக்காந்து என்னத்த கிழிக்கிறீங்க" என்றார். அதோடு முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் போய்ச் சேர்ந்தோம். புல்லின் ஈரம் காய்ந்த பிறகுதான் ஆட்டைத் திறந்துவிடுவார்கள், ஈரப்புல் தின்றால் வயிறு கெடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும். வலைக்குள் முன்னூறும் படுத்துக் கிடந்தன. மூச்சின் சூடு வலைக்கு மேலே நின்றது. தலைவர் வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நேரம், நிலத்துக்காரரும் அங்கே நின்றார். அடுத்த வலை எங்கே கட்டுவது என்று பார்க்க வந்திருந்தார்.

நான் தலைவரின் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார். "ஏங்க, இதெல்லாம் உங்க ஆடுதானா?"

கிடைக்காரர் நிலத்துக்காரரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் வலைக்குச்சியை இறுகப் பிடித்து நின்றாள். ஒரு தகப்பன் முகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வார்த்தை முட்டி மோதுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆமாங்க. எல்லாம் நம்ம ஆடுதான்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். அவள் வலைக்குச்சியை விட்டுவிட்டுக் குட்டிக் கூடைகளின் பக்கம் போனாள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆடுகள் மட்டும் எழுந்து உடம்பை உதறின.

நிலத்துக்காரர்தான் பேச்சை மாற்றினார். "மச்சான், பேத்திக்குக் காது குத்தறோம்ல, ஒரு கெடா வேணும்யா. அதோ நிக்குது பாரு, கழுத்து கறுத்தது. அதக் குடு."

"அது வேணாம் மச்சான். அதுக்குக் கேக்கணும். இதோ இந்த ரெண்டுல எது வேணுமோ புடிச்சிக்க."

கேட்கணும்.

அந்த வார்த்தை என் மேல் கல்லாக வந்து விழுந்தது. யாரைக் கேட்கணும் என்று நிலத்துக்காரர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. நான்தான் கேட்கக்கூடாத கேள்வியை அச்சடித்து எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரண்டு எட்டில் கிடைக்காரர் முன்னால் போய் நின்றேன். "நான் வேற ஒண்ணு கேக்குறேங்க. எல்லாம் உங்க ஆடுதான், சரி. இதுல யாரையும் கேக்காம நீங்களா விக்கக்கூடியது எத்தன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கணக்குப் போடாமல், விரல் மடக்காமல், "இருவத்திரெண்டு" என்றார்.

நிலத்துக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் மடைய ஒரு பார்வை பாத்துட்டு வரேன் மச்சான். நீங்க ஆவறதப் பாருங்க" என்று வரப்பில் ஏறி நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை. அந்த முதுகுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"வாயால சொன்னா போதுமா?" என்றார் தலைவர். குரலில் பழைய அலுவலகம் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவள் ஏற்கெனவே வலையைத் தாண்டியிருந்தாள். "வாங்க சார். வலது காது நுனி பிளந்தது, எடது காதுல அரைவட்டம். ரெண்டும் இருந்தாத்தான் எங்குளுது. ஒண்ணு மட்டும் இருந்தா இல்ல."

அடுத்த முக்கால் மணி நேரத்தை எப்படி எழுதுவது? முன்னூறு ஆடும் ஒரே உடம்பாக ஒதுங்கி ஓடும், அந்த உடம்புக்குள் கையை விட்டு ஒன்றைப் பின்னங்காலில் பிடித்து இழுப்பாள் அவள். அம்மா கழுத்தை அணைத்துக்கொள்வார். தலைவர் குனிந்து காதை விரித்துப் பார்த்து, இரண்டு குறியும் இருந்தால் ஒரு கோடு போடுவார். குறி இருந்த ஆட்டை நான் வலைக்கு வெளியே தனியாக நிறுத்த வேண்டும். நான்காவதிலேயே கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதில் தலைவரின் வேட்டி வெள்ளையாக இல்லை. பன்னிரண்டாவது அவர் மூக்கில் முட்டியது.

"சார், அது ஒங்களுக்கு சலாம் வைக்குது" என்றாள் அவள்.

"ஒங்கப்பனாட்டம் பிடிவாதம் ஜாஸ்தி இந்த ஆட்டுக்கு" என்றார் அவர். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கச் சொன்னார். தாலுக்கா அலுவலகத்துக்காரர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார்.

கடைசியில் அவர் கோடுகளை எண்ணிப் பார்த்தார். இன்னொரு தடவை எண்ணினார்.

"இருவத்தி மூணு வருது."

எல்லோரும் கிடைக்காரரைப் பார்த்தோம். ஒன்று கூடுதல். ஐம்பதுக்கு எவ்வளவோ கீழேதான், விதிக்கு இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் ஒன்றுதான். ஆனால் தலைவருக்கு அது ஒன்றில்லை. ஒரு இடத்தில் சறுக்கினால் முழுக்க சறுக்குகிறவர்கள் என்பது அவர் படித்த பாடம். பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

கிடைக்காரர் வெளியே நின்ற ஆடுகளைக் கண்ணால் ஒரு தடவை தடவினார். "அந்தக் கொம்பு சுருண்டது சேராதுங்க. அது சாமிக்கு நேர்ந்து வுட்டது. காது நம்ம காதுதான். ஆனா அத யாரக் கேட்டுங்க விக்கிறது?"

தலைவர் அந்தச் சுருண்ட கொம்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, ஆடுகள் மிரளும்படி, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "எழுதுங்க கவிஞரம்மா, இருவத்திரெண்டு. சாமிகிட்ட வேற என்னால விசாரணை பண்ண முடியாது."

படிவத்தை அவரே வாங்கி, ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்தார். 'சொந்தக் கால்நடை எத்தனை' என்று அச்சடித்த வரியை நேர்கோடாக அடித்தார். அதற்கு மேலே, அரசாங்க மையில் எழுதுகிற அந்த உருண்டைக் கையெழுத்தில், 'யாரையும் கேட்காமல் விற்கக்கூடிய கால்நடை எத்தனை' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார்.

"இவ்ளோ நாள்ல உருப்படியா ஒரு வரி எழுதியிருக்கீங்க" என்றார் என்னிடம்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் பெயருக்குப் பக்கத்தில் புழுக்கைக் கறை ஒன்று விழுந்தது. அதையும் அவர் துடைக்க விடவில்லை. "இருக்கட்டும். நேர்ல போனதுக்கு அதுதான் அத்தாட்சி."

மதியம் குழு கூடியது. நான் உடை மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் அப்படியே போய் உட்கார்ந்தேன், பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல நாற்காலியை நகர்த்தினார். ஒருவர் மட்டும், எல்லோரும் இப்படியே வந்து காதைக் காட்டினால் என்ன செய்வது என்று ஆட்சேபித்தார். "போயிப் பாக்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு கெடை. நான் ஒண்ணு பாத்துட்டேன்" என்றார் தலைவர். அவள் பெயர் பட்டியலில் ஏறியது. மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியோடு போய் நின்றேன். கிடை அதற்குள் ரோட்டை ஒட்டி இருந்த வயலுக்கு வந்திருந்தது. கிடைக்காரர் ஆட்டை ஓட்டிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். விடைபெற அவர் வரவில்லை. வரமுடியாது, முன்னூறையும் யார் கையில் கொடுத்துவிட்டு வருவது? தொரட்டியை மட்டும் ஒரு தடவை தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அது இறங்கிய பிறகுதான் திரும்பினாள்.

ஒரு டிராவல் பை, ஒரு கட்டைப்பை, ஒரு தலையணை. தலையணையை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக் கட்டினோம். பின்தங்கிய கொஞ்சம் ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார், மூச்சு வாங்கியது.

"ஆஸ்டல்ல தயிர் ஊத்துனா சாப்புடு. மூஞ்சத் தூக்காத."

"சரிம்மா."

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டு வுழப்போற."

"நூறு ஆட்டுக்குப் பிரசவம் பாத்திருக்கேன், அப்ப வுழாதவ இப்பவா வுழுவேன்?"

"வாரத்துக்கு ஒருவாட்டி போன் பண்ணு. எங்க போன்ல சார்ஜ் இல்லன்னா நெலத்துக்காரர் நம்பருக்குப் பண்ணு."

"பண்றேன், பண்றேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன். அம்மாவின் கை தலையணையை விடவில்லை. கண் நிறைந்து நின்றது. அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, ஒரு நொடி அழுத்தி, பிறகு விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டாள்.

"போம்மா, போ. பின்னாடி பாரு, ஆடு ரோட்டுக்கு ஏறுது."